பிரேக்கில் பிழை இல்லை

பெப்ரவரி 3, சனி

கராஜ்காரர் அருள்நேசன் கேட்டதற்காக இந்தக் கொப்பியைத் தொடங்குகிறேன். காரில் உள்ள குறைகளை நான் வாயால் சொன்னால் அவருக்குப் பிடிபடவில்லையாம்.

"ஐயா, இஞ்ச கொண்டு வரேக்க ஒரு லைற்றும் பத்துதில்லை. வீட்டை போனாப் பத்துது எண்டுறியள். எந்த இடம், என்ன வேகம், என்ன காட்டினது எண்டு ஒரு கொப்பியில எழுதிக்கொண்டு வாங்கோ."

எழுதுவது எனக்குப் புதிதல்ல. முப்பத்து நான்கு வருடம் நில அளவையாளராக இருந்தவன். கோண்டாவிலில் இன்றைக்கும் என்னை நித்தியானந்தன் என்று யாரும் கூப்பிடுவதில்லை, சேவையர் ஐயா என்றால்தான் தெரியும். ஒரு வேலியை நின்று பார்த்தே எங்கே அரை முழம் சரிந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவனிடம் கொப்பி கேட்கிறார். சரி, எழுதுகிறேன்.

கார் ஜப்பானில் செய்த ஹைபிரிட். பெற்றோல் இயந்திரமும் பற்றரியில் ஓடும் மோட்டரும் மாறி மாறி இழுக்கும். ஏழு வயது. எங்களிடம் வந்து மூன்று வருடம்.

காலை 9.10, தாவடிச் சந்தி, வேகம் 35. வேகம் காட்டும் தட்டில் எச்சரிக்கை லைற், சிவப்பு முக்கோணம் ஒன்று பற்றியது. பின் இருக்கைப் பக்கம் யாரோ பலமாக ஊதுவது போல ஒரு சத்தம். சந்தி தாண்டியதும் இரண்டும் நின்றுவிட்டன.

"ரைகர்தான் மூச்சு விடுது" என்றாள் மங்களம். மங்களேஸ்வரி என் மனைவி, கணித ஆசிரியை. ரைகர் நாய். அது பின் இருக்கையில் இருந்தது உண்மை. ஆனால் வாயை மூடிக்கொண்டல்லவா இருந்தது!

பெப்ரவரி 6, செவ்வாய்

முன்கண்ணாடி மங்கல். சவர்க்காரத் தண்ணீர், பிறகு பழைய பேப்பர், பிறகு எலுமிச்சம்புளி. நான்கு தரம் துடைத்தும் பனி படிந்ததுபோலத்தான் இருக்கிறது. மங்களம் விரலால் தடவிப் பார்த்து, "சுத்தமாத்தானே கிடக்கு" என்றாள். அவளுக்குக் கண்ணாடியின் தரம் பற்றித் தெரியாது.

பெப்ரவரி 8, வியாழன்

வேகம் காட்டும் இலக்கங்கள் தேய்ந்துகொண்டு வருகின்றன. எது 3, எது 8 என்று பிரிக்க முடியவில்லை. ஏழு வருடத்தில் இப்படித் தேயலாமா? அருள்நேசனிடம் கேட்க வேண்டும்.

பெப்ரவரி 11, ஞாயிறு

பின்னுக்கு எடுக்கும்போது பார்க்கிற கமெராவும் பழுது. படம் பால் ஊற்றினது மாதிரி இருக்கிறது. கேற் தூண் இடது பின்கதவை உரசிவிட்டது.

எதிரே வருகிற வாகனங்கள் இப்போது பகலிலும் பெரிய லைற் போட்டுக்கொண்டு வருகின்றன. ஒருவரும் ஒழுங்கு பார்ப்பதில்லை.

பெப்ரவரி 17, சனி

வெற்றி. காரில் குறை உண்டென்று நிரூபணமாகிவிட்டது.

இந்த ஹைபிரிட் பற்றரி பின் இருக்கைக்குள் இருக்கிறது. அதைக் குளிரப் பண்ண ஒரு காற்றாடி. அந்தக் காற்றாடி காருக்குள் இருக்கும் காற்றை ஒரு வலை வழியாக உறிஞ்சும். அருள்நேசன் வலையைக் கழற்றிக் காட்டினார். ஒரு சின்னத் தலையணை தைக்கலாம், அவ்வளவு நாய் மயிர்.

"பற்றரி மூச்செடுக்க ஏலாமல் சூடாகி முக்கோணத்தைக் காட்டியிருக்கு. நல்ல காலம், பற்றரி தப்பினது. நாயை முன்னுக்கு இருத்துங்கோ, இல்லாட்டி மாசத்துக்கு ஒருக்கா இந்த வலையைத் துப்பரவாக்குங்கோ."

"சொன்னன்தானே, காரில பிழை எண்டு" என்று மங்களத்தைப் பார்த்தேன். "நானும் சொன்னன்தானே, ரைகர் எண்டு" என்றாள்.

பிரேக்கையும் பார்க்கச் சொன்னேன். கழற்றித் துப்பரவாக்கிப் பூட்டினார். "உங்கட காரில பிரேக் கட்டை கனகாலம் தேயாது ஐயா. நீங்கள் கால் வைச்ச உடன மோட்டர்தான் முதல் இழுத்துப் பிடிக்கும், அந்த இழுவையில பற்றரியும் சார்ஜ் ஆகும். கட்டைக்கு வேலை குறைவு."

கமெராவைப் பார்த்தார், முன்கண்ணாடியைப் பார்த்தார், வேக இலக்கத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஐயா கண்ணாடி போடுறேல்லையோ?"

"வாசிக்க மட்டும்."

கொப்பியை மூடி என்னிடம் தந்தார்.

பெப்ரவரி 23, வெள்ளி

பின்னேரம் 5.40. மானிப்பாய் வீதியில் மேற்குப் பார்த்து வந்துகொண்டிருந்தேன். வெயில் நேராக முகத்தில். பக்கத்தில் மங்களம், மடியில் சோதனைப் பேப்பர்கள். வேகம் 30 அல்லது 80. 30 ஆகத்தான் இருக்கவேண்டும்.

பக்கத்துச் சின்ன ஒழுங்கையிலிருந்து ஒரு சைக்கிள் வீதிக்கு இறங்கியது. பின் கரியரில் முட்டைத் தட்டுகள் அடுக்கி, கயிறு போட்டுக் கட்டியிருந்தது. இதெல்லாம் பிறகுதான் தெரியும். மங்களம் "சைக்கிள்! சைக்கிள்!" என்று கத்தினாள். "எங்கை?" என்று கேட்டேன். பிரேக் பிடிக்கவில்லை.

கார் சத்தமில்லாமல் மோட்டரில் ஓடிக்கொண்டிருந்ததால் அந்த மனிதருக்கும் கேட்கவில்லை. கார் சைக்கிளில் இடித்து, அவர் விழுந்தார். வீதி முழுக்க மஞ்சள். பேப்பர்கள் மங்களத்தின் காலடியில் சிதறிக் கிடந்தன. அவள் இறங்கி ஓடினாள். நானும் இறங்கி ஓடினேன். முட்டையில் வழுக்கி நானும் விழுந்தேன்.

ஆட்கள் கூடிவிட்டார்கள். "என்ன நடந்தது சேவையர்?" என்று யாரோ கேட்டார்.

"பிரேக் பிடிக்கேல்லை. போன கிழமைதான் அருள்நேசன்ர கராஜில போட்டனான்."

மங்களம் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

விழுந்தவர் பெயர் திருச்செல்வம். வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. ஆறு கிழமை மாவுக்கட்டு. செலவு முழுக்க என்னுடையது என்று ஆஸ்பத்திரியில் வைத்தே சொல்லிவிட்டேன். பொலிஸ் வேண்டாம் என்று அவரே சொன்னார். நல்ல மனிதர்.

பெப்ரவரி 24, சனி

வாசிகசாலைக்குப் போனேன். பேப்பரை ஒருவரும் விரிக்கவில்லை, எல்லாரும் என்னைத்தான் சுற்றியிருந்தார்கள். முழுக்கச் சொன்னேன். ஓய்வுபெற்ற தபாலதிபர் கிருபாமூர்த்தி மேசையில் அடித்தார். "இந்தப் புதுக் காருகளைத் தொடத் தெரியாதவங்கள் எல்லாம் கராஜ் போட்டா இதுதான்! என்ர மருமகன்ர வாகனமும் அங்கதான் நிக்குது. இப்பவே போன் போடுறன்."

போட்டார். எனக்கு முன்னாலேயே.

மங்களம் நேற்றிலிருந்து அதிகம் கதைக்கவில்லை. பேப்பர் திருத்துகிறாள்.

பெப்ரவரி 27, செவ்வாய்

நான் கூப்பிடாமலே அருள்நேசன் வீட்டுக்கு வந்தார். காரை எடுத்துக்கொண்டு போய் அரை மணித்தியாலம் ஓடினார். திரும்பி வந்து, கையடக்கக் கணினி ஒன்றை ஸ்டியரிங்குக்குக் கீழே கொழுவிப் பார்த்தார்.

"ஐயா, பிரேக்கில ஒரு பிழையும் பதிவாகேல்லை. ஓடியும் பாத்திட்டன். நீங்கள் காலை வைச்சிருந்தால் பிடிச்சிருக்கும்."

"அப்ப நான் பொய் சொல்லுறன் எண்டுறீரோ?"

"அப்பிடிச் சொல்லேல்லை ஐயா." கொழுவியதைக் கழற்றி வயரைச் சுற்றினார், மெதுவாக, ஒரு சுற்றும் பிசகாமல். "ஒருக்காக் கண்ணைக் காட்டுங்கோ."

முப்பத்து நான்கு வருடம் கண்ணை வைத்துப் பிழைத்தவனிடம் வந்து சொல்கிறார். எழுந்து கேற்றைத் திறந்துவிட்டேன். மங்களம் தேநீரோடு வந்தபோது ஆள் போய்விட்டார்.

பெப்ரவரி 28, புதன்

வேறு கராஜ் தேடவேண்டும்.

மார்ச் 2, சனி

யார் சரி என்று ஒரு முடிவு கட்டுவதற்காக அலுமாரிக்கு மேலிருந்து என் பழைய லெவலை இறக்கினேன். நிலமட்டம் பார்க்கும் கருவி. தூரத்தில் அளவுகோலை நிறுத்தி, இதன் குழாய் வழியே இலக்கத்தை வாசிக்கவேண்டும். ஓய்வுபெறும்போது கந்தோரில் விலைக்கு வாங்கிக்கொண்டு வந்தது. முற்றத்தில் முக்காலியை ஊன்றினேன். ஒழுங்கை முடிவில் உள்ள மதிலில் கோலைச் சாத்திவிட்டு வந்து, வலது கண்ணை வைத்தேன்.

கோல் இருந்தது. இலக்கம் இல்லை. வில்லையைத் துடைத்தேன். மறுபடி பார்த்தேன். இடது கண்ணை வைத்தேன். கோலும் இல்லை.

கருவி பழசு. உள்ளே பூஞ்சணம் பிடித்திருக்கவேண்டும்.

அதே நாள்

மங்களம் வந்து குனிந்து பார்த்தாள். "ஒண்டு தசம் நாலு மூண்டு அஞ்சு" என்று வாசித்தாள்.

பூஞ்சணம் இல்லை.

மார்ச் 3, ஞாயிறு

காலையில் மங்களம் சொன்னாள், "அண்டைக்கு நான் சைக்கிள் எண்டு கத்தேக்க, எங்கை எண்டு கேட்டனீங்கள். அந்த ஆள் எங்களுக்கு நேர முன்னால, சிவப்பு சேட்டோட."

சிவப்பா? எனக்குத் தெரியாது.

"ஏன் அப்பவே சொல்லேல்லை நீர்?"

"அந்தச் சனத்துக்கு முன்னால எப்பிடிச் சொல்லுறது? பேந்து, நீங்களாக் காணுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். அதுவும் என்ர பிழைதான்."

எழுந்து முற்றத்துக்குப் போனேன். ரைகரைக் குளிப்பாட்டினேன்.

மார்ச் 5, செவ்வாய்

கண் டொக்டர் இரண்டு கண்ணிலும் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். இரண்டிலும் கண்புரை, நன்றாக முற்றியிருக்கிறதாம். "நீங்கள் இஞ்ச எப்பிடி வந்தனீங்கள்?" என்றார். "மனிசி கார் ஓடிக்கொண்டு வந்தவ" என்றேன். "நல்லது, அப்பிடியே திரும்பிப் போங்கோ" என்றார். வலது கண்ணுக்கு அடுத்த புதன் ஒப்பரேசன்.

மங்களம் ஓடியதைப் பற்றி எழுதவேண்டும். அவளிடம் இருபது வருடமாக லைசன்ஸ் இருக்கிறது. அவ்வப்போது சாவியைக் கேட்டிருக்கிறாள். றோட்டு சரியில்லை என்று சொல்லியிருக்கிறேன். இருபது வருடமும் றோட்டு சரியில்லை.

இன்று ஏறி இருந்து பொத்தானை அமத்தினாள். ஒரு சத்தமும் இல்லை. "ஸ்டார்ட் ஆகேல்லையே."

"ஆயிட்டுது."

"சத்தம் வரேல்லையே."

"இது ஹைபிரிட், மங்களம். சத்தம் வராது. பச்சை எழுத்து தெரியுதோ?"

"எனக்குத் தெரியுது" என்றாள். அந்த "எனக்கு"வைக் கொஞ்சம் அழுத்தித்தான் சொன்னாள்.

ஐந்து மைல், முப்பது நிமிடம். மூன்று ஓட்டோக்களும் ஒரு உழவு இயந்திரமும் எங்களை முந்தின. ஒன்றிலும் இடிக்கவில்லை.

மார்ச் 7, வியாழன்

நேற்றுப் பள்ளிக்கூடத்தால் வந்த மங்களம் காரை நிற்பாட்ட மறந்துவிட்டாள். சத்தமில்லாததால் நின்றுவிட்டது என்று நினைத்துக் கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்திருக்கிறாள். பற்றரி குறைந்ததும் கார் தன்பாட்டில் இயந்திரத்தைப் போட்டுக்கொண்டது. உள்ளே ஒருவரும் இல்லை, கார் உறுமுகிறது. ரைகர் மாமரத்தடிக்கு ஓடிவிட்டது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மதிலில் ஏறிப் பார்த்தார்கள். மங்களம் வெட்கப்பட்டு, பிறகு சிரித்து, சிரித்து முடியாமல் படியில் இருந்துவிட்டாள். இரண்டு கிழமையில் முதற்சிரிப்பு.

மார்ச் 14, வியாழன்

நேற்று ஒப்பரேசன். பதினைந்து நிமிடம்கூட இல்லை. இன்று கண் கட்டை அவிழ்த்தார்கள்.

எழுத நிறைய இருக்கிறது. வானம் நீலம், அது தெரிந்ததுதான், ஆனால் இவ்வளவு நீலமா? வீட்டுச் சுவருக்குப் போன வருடம் நான் தேர்ந்தெடுத்த நிறம் பார்க்கச் சகிக்கவில்லை. ஒருவரும் சொல்லவில்லையே. மங்களத்தின் இடது புருவத்தில் ஒரு வெள்ளை மயிர்.

"இது எப்ப வந்தது?"

"ரெண்டு வருசமாகுது."

பிறகு காரை ஒருமுறை சுற்றி வந்தேன். உரசல்கள் பதினொன்று. நான் ஒன்று என்றல்லவா நினைத்திருந்தேன். மங்களம் பக்கத்தில் வந்து நின்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். இது கோயில் வீதி மதகு, இது கூட்டுறவுக் கடைத் தூண், இது சின்னம்மா வீட்டுக் கேற். முன்கண்ணாடி மிகச் சுத்தமாக இருந்தது.

மார்ச் 17, ஞாயிறு

திருச்செல்வம் வீட்டுக்குப் போனோம். மாவுக்கட்டுக் கையோடு கோழிகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். கதிரை போட்டுத் தந்தார். நான் உட்காரவில்லை.

"பிரேக்கில பிழை இல்லை" என்றேன். "எனக்குக் கண் தெரியேல்லை. உங்களை நான் காணவே இல்லை."

தீனிச் சட்டியைக் கீழே வைத்தார். "நானும் அதைத்தான் யோசிச்சுக்கொண்டிருக்கிறன் ஐயா. நீங்கள் என்னை நேர பாத்துக்கொண்டுதான் வந்தனீங்கள். கண்டிட்டியள், நிப்பாட்டுவியள் எண்டுதான் நான் சைக்கிளை இறக்கினன்."

மங்களம்தான், அவர் கை சுகமாகும்வரை கடைகளுக்கு முட்டையைக் காரில் கொண்டுபோய்க் கொடுக்கிறோம் என்றாள். பள்ளிக்கூடம் போகிற வழிதானாம். அவர் முதலில் மறுத்தார். பிறகு, "அக்கா ஓடுவாவோ, ஐயா ஓடுவாரோ?" என்று கேட்டார்.

"நான்தான்" என்றாள்.

"அப்பச் சரி."

மார்ச் 18, திங்கள்

மங்களம் முட்டை கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போகும் வழியில் என்னை அருள்நேசனின் கராஜ் வாசலில் இறக்கிவிட்டாள். உள்ளே வரட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

முன்பெல்லாம் வாகனங்கள் வீதிவரை நிற்கும். இன்று ஒரு ஓட்டோ மட்டும். அருள்நேசன் மர வாங்கில் உட்கார்ந்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த நட்டுக் கழற்றும் சாவிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாகனங்கள் எங்கை?" என்று கேட்டேன். கேட்டபிறகுதான் கேட்டிருக்கக்கூடாது என்று தெரிந்தது.

"ஆக்கள் வேற இடம் போகினம் ஐயா."

கண் விசயத்தைச் சொன்னேன். தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று தொடங்கினேன். அது முழு உண்மையல்ல என்பதால் நடுவில் நிறுத்தி மறுபடி சொன்னேன். "பிரேக்கில நான் கால் வைக்கேல்லை. அது எனக்கு அந்த இடத்திலேயே தெரியும். வெக்கத்தில உம்மட பேரைச் சொல்லிப்போட்டன்."

சாவியைக் கீழே வைத்தார். "சனம் கதைக்கிறதை விடுங்கோ ஐயா. அது கதைக்கும். என்ர மனிசி ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டு கேட்டா, உண்மையைச் சொல்லுங்கோ, அந்த பிரேக்கை வடிவாப் பூட்டினனீங்களோ எண்டு." அவர் குரல் உயரவில்லை. "அண்டைக்குத் தொடக்கம் ஒவ்வொரு நட்டையும் ரெண்டு தரம் பாக்கிறன். எனக்கே என்னில சந்தேகம் வந்திட்டுது."

"மன்னியும்" என்றேன். அறுபத்தொரு வயதில் அந்தச் சொல் எவ்வளவு சின்னது என்று தெரிந்தது.

"எனக்குச் சொல்லி என்ன ஐயா செய்யிறது? எனக்குத்தான் தெரியுமே."

மார்ச் 19, செவ்வாய்

வாசிகசாலை. பத்துப் பேர் இருக்கும் நேரம் பார்த்துப் போனேன். கிருபாமூர்த்தி பேப்பரை மூக்குக்குக் கிட்டே பிடித்து வாசித்துக்கொண்டிருந்தார். நான் இருக்காமல் நின்றபடியே சொன்னேன். அருள்நேசன் பூட்டிய பிரேக் சரி. என் கண்தான் பழுது. முட்டைக்காரரை விழுத்தியது நான், பழியைப் போட்டது அவரில். போனில் சொன்னவர்கள் எல்லாரும் அதே போனை எடுத்துத் திருத்திச் சொல்லவேண்டும்.

ஒரு ஆள் தன் போனை மெதுவாகச் சட்டைப்பைக்குள் போட்டார்.

கடைசியில் கிருபாமூர்த்தி பேப்பரைக் கீழே வைத்தார். "சேவையர், இந்த எதிர வாற வாகனங்கள் பகலிலயும் பெரிய லைற் போடுதுகள் எல்லோ..."

"போடுறேல்லை" என்றேன்.

"இல்லையோ?"

"இல்லை."

அவர் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டும். மூலையில் இருந்த ஒருவர், தனக்கு ஒழுங்கை வளைவுகள் சில நாளாகச் சின்னதாகிவிட்டன என்றார். இன்னொருவர், பின்னால் வரும் வாகனங்கள் ஹோர்ண் அடிப்பதில்லை என்றே இவ்வளவு நாளும் நினைத்திருந்தாராம், தனக்குத்தான் கேட்கவில்லையாம். அரை மணித்தியாலத்தில் வாசிகசாலை ஒரு கிளினிக் ஆகிவிட்டது. கண் டொக்டரின் நம்பரை ஐந்து பேர் எழுதிக்கொண்டார்கள். கிருபாமூர்த்தி மருமகனுக்குப் போன் போட்டார். எனக்கு முன்னாலேயே.

மார்ச் 30, சனி

நாய் மயிர் வலை துப்பரவாக்கும் நாள். மற்றக் கண்ணுக்கு அடுத்த மாதம் ஒப்பரேசன், அதுவரை சாவி மங்களத்திடம். அதற்குப் பிறகு யாரிடம் என்று நாங்கள் இன்னும் கதைக்கவில்லை. அவள் கேட்கவும் இல்லை, நான் எடுக்கவும் இல்லை. நேற்று ஒரு உழவு இயந்திரத்தை முந்தினாள்.

கராஜில் நான்கு வாகனங்கள். அருள்நேசன் ஒரு வானுக்குக் கீழே படுத்திருந்தார், கால்கள் மட்டும் தெரிந்தன. "ஐயா, முன்னுக்கு மூண்டு பேர் நிக்கினம். மத்தியானமாகும்" என்று கீழேயிருந்தே சொன்னார். வாருங்கள் என்றும் சொல்லவில்லை, போங்கள் என்றும் சொல்லவில்லை. மங்களம் சந்தைக்கு நடந்து போனாள். நான் வாங்கில் இருந்தேன்.

அந்த வானின் சொந்தக்காரர் சாவகச்சேரி ஆள். முன்பின் தெரியாது. கிட்ட வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார், "ஐயா, இந்தக் கராஜை நம்பலாமோ? இஞ்ச பிரேக் போட்ட கார் ஒண்டு பிடிக்காமல் போய் ஆரையோ அடிச்சதாமே. எங்கட ஊரில கதைக்கினம்."

சாவகச்சேரிவரை போயிருக்கிறது. நான் போன் போடச் சொன்னது அங்கே போய்ச் சேரவில்லை.

"அந்தக் காரை ஓடினது நான்தான்" என்றேன்.

வானுக்குக் கீழே கேட்டுக்கொண்டிருந்த தட்டுகிற சத்தம் நின்றது. அந்த மனிதர் ஒரு அடி பின்னுக்குப் போனார். பக்கத்தில் இருக்கச் சொல்லி, தாவடிச் சந்தியில் முக்கோணம் பற்றியதிலிருந்து ஒன்றும் விடாமல் சொல்லத் தொடங்கினேன். மங்களம் சைக்கிள் என்று கத்த, "எங்கை?" என்று நான் கேட்ட இடத்துக்கு வந்தபோது, கீழே மறுபடி தட்டுகிற சத்தம் கேட்டது.